இறுகிய மரையாணி

தமிழிலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன், எண்ணெயும் புழுதியும் படிந்த போல்டு ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தது கண்டு நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை. ஆயினும், சென்ற மே மாதத்தில் கொடைக்கானலில் ஒரு பகற்பொழுது முழுதும் அத்தகைய போல்டு ஒன்றனோடு போராடி, வலக்கை முட்டியின் தோலையும் இழந்தவனாதலின், அப்பொருளைக் குறித்து நாலு வார்த்தை சொல்ல எனக்கும் சிறிது உரிமை உண்டென்று கருதுகிறேன்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். பட்டறைகளில் போல்டு என்றும், நூல்களில் திருகாணி அல்லது மரையாணி என்றும் வழங்கும் இப்பொருளின் உயிர் அதன் மரையிலேயே இருக்கிறது. மரை என்னுஞ் சொல் ஒருவகை மானையுங் குறிக்கும். ஈண்டு அப்பொருள் வேண்டா. ஆணியின் உடலைச் சுற்றி ஏறிச்செல்லும் வரம்பே நாம் கருதும் மரை. 'மரை கழன்றவன்' என்று ஊரார் ஒருவனை ஏசும்போது, இவ்வரம்பு தேய்ந்து பிடிப்பற்றுச் சுற்றும் ஆணியையே உவமையாகக் கொள்கின்றனர்.

இவ்வரம்பு யாது? சாய்தளம் ஒன்றை ஓர் உருளையின்மேற் சுற்றினால் அதுவே மரை. கொடைக்கானலுக்கு மோட்டாரில் ஏறியவர்க்கு இதனை விளக்கப் படம் வேண்டுவதில்லை. 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் அங்கே முதல் வீடுகளைக் கட்டிய காலத்தில், மேலே செல்வோர் பெரியகுளம் பக்கத்திலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான மலைப்பாதையில் நடந்தும், குதிரைமீது ஊர்ந்தும், டோலியிற் சுமக்கப்பட்டும் ஏறினர். அவ்வழியில் தூரங் குறைவு, பெருமூச்சு மிகுதி. மேஜர் லா என்பார் பெயரால் வழங்கும் மலைச்சாலை 1914-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற பின்னரே வண்டிகள் உச்சிவரை ஏறலாயின. அச்சாலை மலையை நேரே எதிர்க்காமல், வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டு, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தூரத்தில் 1,800 மீட்டர் உயரத்தை எட்டுகின்றது. அஃதாவது, சராசரியாக 28 அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏறுகிறோம்.

இனி மரைக்கு வருவோம். எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியை ஆயில் சம்ப் என்பர். அதிலுள்ள பழைய எண்ணெயை வடிக்கும் துளையை அடைத்து நிற்பது டிரெயின் போல்டு. பல கார்களில் அது 14 மில்லிமீட்டர் தடிமனும், ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏற்றமும் உடையது. அதன் ஒரு சுற்றின் நீளத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 41 மில்லிமீட்டர் வருகிறது. ஆகவே அதன் ஏற்றம் 27-க்கு 1. கொடைக்கானல் சாலையும் காரின் அடியிலுள்ள சிறு ஆணியும் ஏறக்குறைய ஒரே சரிவில் அமைந்திருத்தலைத் தற்செயல் என்றே கொள்ளவேண்டும்; எனினும், இக்கணக்கைப் போட்டுப் பார்த்த இரவில் எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

இத்தகைய மெல்லிய சரிவின் பயன் இரண்டு. சிறு முயற்சியால் பெரும் பாரத்தை ஏற்றலாம் என்பது ஒன்று. ஏற்றிய பாரம் தானே வழுக்கி இறங்காது என்பது மற்றொன்று. மலைச்சாலையின்மேல் ஒரு பலகைக் கல்லை வைத்தால் அது சறுக்கிக்கொண்டு வத்தலக்குண்டிற்குப் போய்விடுவதில்லை. உராய்வு அதனைப் பிடித்துக்கொள்ளும். முடுக்கிய போல்டு எஞ்சினின் அதிர்ச்சிக்கிடையிலும் நிலைத்து நிற்பது இவ்வுராய்வினாலேயே. அதனை நாம் கழற்ற முயலும்போது நம்மை எதிர்ப்பதும் அதுவே.

நிற்க. எங்கள் வீட்டு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். என் மாமா பள்ளி ஆசிரியர். அவரது கார் பழையது. கொடைக்கானலில் வாழும் எங்கள் அம்மாச்சிக்கு மதுரையில் கண் அறுவைக்கு நாள் குறித்திருந்தது. பேருந்தில் அத்தனை வளைவுகளையும் கடந்து வர அவர்களால் இயலாது; ஆதலின் அவர்களை அழைத்துவர மாமாவும் யானும் காரில் மேலேறினோம். வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, மறுநாட் காலையிற் பார்த்தால், அடியில் ஓர் உள்ளங்கை அகலத்திற்கு எண்ணெய் தேங்கியிருந்தது. எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்த மாமாவின் முகம் வாடியது. எண்ணெய் கீழ்க்கோட்டிற்கும் கீழே இருந்தது. அறுவைக்குக் குறித்த நாளோ அதற்கடுத்த நாள்.

மலைச்சாலையில் எண்ணெய் குறைவது சமவெளியிற் குறைவதினும் கொடிது. சரிவிலும் வளைவிலும் சம்பிலுள்ள எண்ணெய் ஒருபுறமாக ஒதுங்கும். எஞ்சியிருப்பது சிறிதாயின், பம்ப் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாம் கியரிற் செல்ல வேண்டியிருத்தலின் எஞ்சின் விரைந்து சுழலும். அவ்வேளையில் தாங்கிகளுக்கு எண்ணெய் எட்டாவிடில், உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

எண்ணெய் ஒழுகும் இடத்தைக் காண்பது எளிதென்று யான் எண்ணியிருந்தேன், அது பிழை. எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எஞ்சினின் மேல்மூடியிலுள்ள பேக்கிங் நைந்து கசிந்தாலும், அவ்வெண்ணெய் பக்கங்களில் வழிந்து, ஓடும் வண்டியின் காற்றாற் பின்னே தள்ளப்பட்டு, கடைசியில் சம்பின் தாழ்ந்த முனையிலிருந்தே சொட்டும். ஆகவே மாமா, எஞ்சினின் அடிப்பாகம் முழுதையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து உலர்த்தினார். பின்பு, ஆசிரியர் வீட்டில் பஞ்சமில்லாத சாக்குக்கட்டிகளைப் பொடித்து, நீரிற் குழைத்து, தூரிகையால் வெள்ளை பூசினார். அது காய்ந்தபின், குறைந்த எண்ணெயை ஈடுசெய்து, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம். மேற்புறம் முழுதும் வெண்மை மாறாதிருந்தது. டிரெயின் போல்டின் தலையைச் சுற்றி மட்டும் ஒரு கரிய பிறை தோன்றியது.

போல்டின் தலைக்கும் சம்பிற்கும் இடையில் மெல்லிய செப்பு வாஷர் ஒன்று இருக்கும். மென்மையான அவ்வளையம் நசுங்கி, இரு முகங்களிலுமுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்புவதாலேயே எண்ணெய் வெளிவராமல் நிற்கிறது. ஒருமுறை நசுங்கிய செம்பு கடினமாகிவிடும். அதனையே மீண்டும் இட்டால் சரிவர அமையாது. கீழ்நாட்டில் கடைசியாக எண்ணெய் மாற்றியவர் பழைய வாஷரையே இட்டிருக்கிறார். அது கசியக் கண்டு, நீண்ட ஸ்பேனரால் மேலும் மேலும் முடுக்கியிருக்கிறார். கசிவும் நிற்கவில்லை, போல்டும் அசைவற்றதாயிற்று.

அதனைக் கழற்றும் பணியை யான் வலிய ஏற்றுக்கொண்டேன். சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, முன்சக்கரங்களைத் தடித்த பலகைகளின்மேல் ஏற்றியபின் அடியிற் புகுந்தேன். (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் ஒருவனும் படுக்கலாகாது. மாமா இதனை மூன்றுமுறை சொன்னார். யானும் ஒருமுறை இங்கே சொல்லிவைக்கிறேன்.) மண்ணெண்ணெய் இறுகிய ஆணியை இளக்கும் என்று எங்கோ படித்த நினைவில், போல்டின்மீது அதனைத் தாராளமாக ஊற்றினேன். வாய் திறந்த ஸ்பேனர் ஒன்றை மாட்டி அரைமணி நேரம் இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கியது; கை சம்பில் மோதி முட்டி உரிந்தது; போல்டின் மூலைகள் பளபளத்தன. மாமா ஓர் இரும்புக் குழாயைக் கொணர்ந்து, ஸ்பேனரின் பிடியிற் செருகி இழுக்கலாமா என்றார். அதற்குள் அம்மாச்சி வெளியே வந்து, "உடைத்துவிட்டு நிற்காதீர்கள், தெரிந்தவனிடம் கொண்டுபோங்கள்" என்றார்கள். வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு மூஞ்சிக்கல்லுக்கு அப்பாலுள்ள ஒரு கொட்டகைக்குச் சென்றோம்.

கொட்டகைக்குரிய பெரியவர் அறுபதைக் கடந்தவர். அவர் அடியிற் புகுந்து, விளக்கைப் பிடித்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"மண்ணெண்ணெய் ஊற்றியது யார்?"

"யான்தான், ஐயா."

"எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கிற போல்டுக்கு எண்ணெய் எதற்கு, தம்பி? இதிலே துரு இல்லை."

இவ்வொரு வினாவால் எனது அரைநாட் பிழை முழுதும் விளங்கிற்று. கசிவது எண்ணெய், எண்ணெய் படிந்த இடத்தில் துரு ஏது? போல்டு இறுகியிருக்கிறது என்பதை மட்டும் கண்டேனேயன்றி, எதனால் இறுகியது என்று யான் கேட்கவில்லை. போல்டைப் பிடித்திருப்பது இன்னதென்று அறிந்தபின்னரே அதனை விடுவிக்கும் வழியைத் தேர்தல் கூடும் என்பதனை, அவர் கொட்டகையின் மூலையில் நின்ற பழைய ஜீப் ஒன்றைக் காட்டியே விளக்கினார். அதன் பின்பட்டை வில்லின் போல்டு மெய்யாகவே துருவேறியது. இரும்பு துருவாக மாறும்போது முன்னையினும் இருமடங்கு முதல் ஆறுமடங்கு வரை இடம் கொள்ளும். மரைக்கும் சுரைக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளியில் அது விளைந்து, ஆப்பு அடித்தாற்போல் நெருக்கும். மூடுபனியும் இரு பருவ மழையும் உடைய அம்மலையில் இவ்வாப்பு விரைவிலேயே முற்றிவிடும். அதற்கு மண்ணெண்ணெயோடு சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்து விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, இடையிடையே சுத்தியலால் தலையில் தட்டவேண்டும். தட்டுந்தோறும் துரு பொடிந்து, எண்ணெய் உட்புகும். பின்பு கழற்றும் திசையில் திருகுமுன், முடுக்கும் திசையில் மயிரிழையளவு அசைத்தல் நன்று. துருவின் பிடி எத்திசையில் உடைந்தாலும் உடைந்ததே.

எங்கள் போல்டின் நோய் வேறு. எஃகுப் போல்டு, அலுமினியச் சம்ப், அளவு மீறிய முடுக்கு. முடுக்கும்போது நாம் செலவிடும் முயற்சியைப் பத்துப் பங்காக்கினால், ஏறத்தாழ ஐந்து பங்கு தலையின் அடியிலுள்ள உராய்விலும், நான்கு பங்கு மரையின் உராய்விலும் கழிந்துபோக, ஒரு பங்கே போல்டை இழுத்து நீட்டப் பயன்படும் என்பது பொறியியலார் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. நீண்ட போல்டு வில்லைப்போல் விறைத்து நிற்கும். துருவில்லாத தூய மரையில் கழற்றுதல் முடுக்குதலினும் எளிது. மலையேறுவதினும் இறங்குவது எளிதல்லவா? ஆனால் அளவு கடந்து நெருக்கப்பட்ட அலுமினியம் எஃகின்மேல் அப்பிக்கொள்ளும். இங்கே முடுக்கும் திசையில் அசைத்துப் பார்ப்பது மெல்லிய அலுமினிய மரையை அறுத்துவிடும். துருவேறியதற்கு மருந்தாவது இதற்கு நஞ்சு.

அவ்வாறிருக்க, யான் செய்தது இன்னும் கொடிது. எத்திசையில் திருகினேன் என்று பெரியவர் கேட்டார். இடப்புறமாக என்றேன். "எங்கே படுத்துக்கொண்டு?" என்றார். எங்கள் சம்பின் டிரெயின் போல்டு வண்டியின் பின்புறத்தை நோக்கியிருப்பது. யானோ தலையை முன்புறம் வைத்துப் படுத்து, போல்டின் முதுகுப் பக்கத்திலிருந்து கையை வளைத்து இழுத்திருக்கிறேன். தலைக்கு நேரே நின்று பார்ப்பவனுக்கு இடமாகத் தோன்றுவது, பின்னிருந்து பார்ப்பவனுக்கு வலமாகும்.

"அது இறுகிக்கொள்ளவில்லை, தம்பி; நீதான் இறுக்கிக்கொண்டிருந்தாய்" என்று அவர் சொல்லவும் மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

இடம் வலம் என்னும் இக்குழப்பம் எனக்கு மட்டும் உரியதன்று என்று பின்னர் ஆறுதலடைந்தேன். சங்குகளில் மிகுதியாகக் கிடைப்பதை நம் முன்னோர் இடம்புரி என்றும், அரிதாகக் கிடைப்பதை வலம்புரி என்றும் அழைத்தனர். உலகெங்கும் வழங்கும் சாதாரணப் போல்டின் மரையோ அந்த இடம்புரிச் சங்கின் சுற்றையே ஒத்தது. ஆயினும் மேனாட்டார் அதனை வலக்கை மரை என்கின்றனர். சங்கை எம்முனை மேலாகப் பிடித்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறதேயன்றிச் சுற்று மாறுவதில்லை. மெய்யாகவே மாறுபட்ட மரையைக் காண விரும்புவோர் சைக்கிளின் இடப்பக்கப் பெடலைக் கழற்றிப் பார்க்கலாம்.

ஸ்பேனரின் பிழையும் ஒன்றுண்டு. போல்டின் தலை 19 மில்லிமீட்டர். யான் மாட்டியது 20. ஒரு மில்லிமீட்டர் தளர்ச்சி அற்பம் என்று எண்ணினேன். ஆனால் தளர்ந்த வாய் தலையின் பக்கங்களைப் பற்றாமல் மூலைகளில் மட்டும் கடித்து அவற்றை மழுக்கிவிடும். இவ்வகைத் தொல்லை மலைப் பட்டறைகளில் நெடுநாளாக உண்டு. இங்கிலாந்தில் விட்வொர்த் என்பார் 1841-ஆம் ஆண்டில் மரைகளுக்குப் பொது அளவு வகுத்தார். அதற்குமுன் ஒரு பட்டறையின் போல்டு மறு பட்டறையின் சுரையிற் பொருந்துவது அரிது. 1864-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செல்லர்ஸ் என்பார் வேறோர் அளவு வகுத்தார். பின்னர் மீட்டர் அளவும் வந்தது. பெரியவரின் பெட்டியில் அங்குல ஸ்பேனர்களும் மில்லிமீட்டர் ஸ்பேனர்களும் கலந்து கிடந்தன. முக்கால் அங்குலம் 19-க்குச் செவ்வையாகப் பொருந்தும். அரை அங்குலத் தலைக்கு 13-ஐ மாட்டினால் வழுக்கும். எது எதற்கு உறவு, எது பகை என்பதெல்லாம் அவர் விரல்களுக்கே தெரிந்திருந்தது.

மாமாவின் இரும்புக் குழாயை அவர் தொடவுமில்லை. நெம்புகோலின் ஆற்றலை ஆர்க்கிமிடீஸ் காலந்தொட்டு உலகம் போற்றி வருகிறது. ஆனால் அது நல்லது கெட்டது அறியாத ஆற்றல். இத்தகைய போல்டை முடுக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர். அஃதாவது 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 13 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இழுப்பு. ஒரு மீட்டர்க் குழாயின் நுனியில் 60 கிலோ எடையுள்ள ஒருவன் தொங்கினால் அது ஏறக்குறைய 590 ஆகும். முன்னதைப்போல் பதினைந்து மடங்கு. அங்ஙனம் செய்தால் தலை முறியலாம், அல்லது சம்பின் மரை முழுதும் பெயர்ந்து வரலாம். தலை முறிந்த கட்டையை எடுப்பதற்கும் வழிகள் உண்டு. முறிந்த முனையில் ஒரு சுரையை வெல்டு வைத்துத் திருகலாம். இடக்கை மரையுள்ள துரப்பணத்தால் துளைத்துப் பிடித்து இழுக்கலாம். அவையெல்லாம் ஒருநாட் பணி. எங்களுக்கு அந்நாள் இல்லை.

பெரியவர் செய்தது இவ்வளவே. வந்த வழியில் எஞ்சின் ஏற்ற சூடு ஆறுமுன் வேலையைத் தொடங்கினார். அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். பதினைந்து டிகிரிக் குளிரிலிருந்து எண்பது டிகிரிக்குச் சூடேறினால், 14 மில்லிமீட்டர்த் துளை போல்டைவிட மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு அதிகமாக அகலும். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போன்ற இவ்வளவே அங்கே வேண்டியிருந்தது. ஊதுவிளக்கை எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் அருகே கொண்டுபோவது மடமை. எஞ்சினின் சூடே போதும் என்றார். ஆறு முகங்களையும் அணைத்துப் பிடிக்கும் பாக்ஸ் ஸ்பேனரைத் தலையில் வைத்து, அது முழுதும் அமரும்வரை சுத்தியலால் தட்டி ஏற்றினார். பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து நேராக நான்கு அடி அடித்தார். தலையின் அடியிலுள்ள பிடிப்பு அதிர்ந்து தளர்வதற்காம். பின்பு குறுகிய கம்பியை மாட்டி, இடக்கையால் ஸ்பேனரை அழுத்திக்கொண்டு, கம்பியின் நுனியில் சிறு சுத்தியலால் ஓங்கி ஒன்று கொடுத்தார். அசைவில்லை. இரண்டு; மூன்று. விடாது இழுப்பதினும் இவ்வாறு சடக்கென்று அடிப்பது மேல். நிற்கும் பொருளை முதலில் அசைப்பதற்கே பெருமுயற்சி வேண்டும். அசைந்தபின் உராய்வு குறையும். அடி அம்முதல் அசைவை மட்டும் தந்து நின்றுவிடுகிறது. இழுப்பவனோ அசைந்தபின்னும் அதே வேகத்தில் இழுத்து மரையைக் கெடுக்கிறான்.

நான்காம் அடியில் 'டக்' என்றொரு ஓசை கேட்டது. போல்டு முறிந்துவிட்டது என்றே யான் நினைத்தேன். பெரியவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கம்பி கால் சுற்று திரும்பியிருந்தது. அவர் உடனே முழுதும் கழற்றிவிடவில்லை. சிறிது கழற்றி, சிறிது திருப்பி, மீண்டும் கழற்றி, பொடிந்த அலுமினியத் துகள் மரைக்குள் சிக்காதவாறு மெல்ல மெல்ல வெளியே கொணர்ந்தார். எண்ணெய் கருநிற நாடாவாய்த் தகரத்தில் விழுந்தது. போல்டின் நுனிமரையில் வெள்ளி நூல்போல் அலுமினியம் சுற்றியிருந்தது. விளக்கைப் பிடித்துச் சம்பின் துளையைப் பார்த்தவர், "மற்ற மரை நன்றாக இருக்கிறது, தாங்கும்" என்றார்.

பொருத்தமான புதிய வாஷர் அவரிடம் இல்லை. கடைகளும் அடைத்துவிட்டார்கள். அப்போது அவர் செய்ததை யான் எளிதில் மறவேன். நசுங்கிய பழைய செப்பு வாஷரைக் கம்பியில் கோத்து, தேநீர் வைக்கும் அடுப்பின் சுடரிற் காட்டினார். அது செந்நிறமாக ஒளிர்ந்ததும் தண்ணீரில் தோய்த்தார். எஃகை அவ்வாறு தோய்த்தால் கடினமாகும். செம்போ மென்மை பெறும். மீண்டும் இளகிய அவ்வளையத்தைக் கண்ணாடியின்மேல் விரித்த எமரித் தாளில் இருபுறமும் தேய்த்துச் சமமாக்கினார். போல்டை விரலாலேயே கடைசிவரை ஏற்றினார். முடுக்கும்போது ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் தலைக்கு அருகே பிடித்துக்கொண்டார். கை குட்டையாயிருந்தால் ஆசையும் குட்டையாயிருக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

புதிய எண்ணெய் ஊற்றி, மீண்டும் சாக்குக்கட்டி வெள்ளை பூசி, மறுநாள் விடியற்காலை நான்கரை மணிக்குப் புறப்பட்டோம். பெருமாள்மலை வரையில் மூடுபனி. விளக்கொளி பத்தடிக்கு அப்பால் எட்டவில்லை. அம்மாச்சி பின்னிருக்கையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பேசாதிருந்தார்கள். வெள்ளியருவியைத் தாண்டியும், டம்டம் பாறையைத் தாண்டியும் மாமா எண்ணெய் விளக்கின் சிவப்பையே எதிர்பார்ப்பவர்போல் முன்பலகையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அது எரியவேயில்லை. காட்ரோட்டில் வண்டியை நிறுத்தி இருவரும் இறங்கி, புழுதியில் முழங்காலிட்டு அடியிற் குனிந்து நோக்கினோம்.

அம்மாச்சி கண்ணாடியை இறக்கி, "ஒழுகுகிறதா?" என்று கேட்டார்கள்.

போல்டின் தலையைச் சுற்றிப் பூசிய வெள்ளை பூசியவாறே இருந்தது.